இளங்குழந்தைகளின் உணவும் நம் சமுதாயத்தின் கல்வியும்

(வெள்ளி விழாக் கூட்டத்தின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



பால்வாடிப் பருவத்துக் குழந்தைகளின் உணவைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், “தலைமையாசிரியருக்குச் சோறு குழம்பைப் பற்றி என்ன பேச்சு? உயர்கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் அன்றோ பேச வேண்டும்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுவதாகவே இவ்வுரை அமையட்டும்.

கால் நூற்றாண்டாக நம் சங்கம் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் பெறும் பிள்ளைகளை மேடையேற்றிப் பரிசளித்து வருகிறது. நோட்டுப் புத்தகம் வழங்குகிறது. மாலை வகுப்பு நடத்துகிறது. இவற்றின் பயனை இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் பட்டதாரிகளே எடுத்துக்காட்டுகின்றனர். ஆயினும் அந்த மேடை வரைக்கும் வந்து சேராத பிள்ளைகள் எந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நின்றார்கள் என்று பள்ளிப் பதிவேடு கூறும். என் அனுபவத்தில் அவர்களுள் பலர் ஒன்றாம் வகுப்பில் காலடி வைத்த நாளிலேயே பாதி வழி பின்தங்கியிருந்தவர்கள். எழுத்தறியாமையால் அன்று, உடலில் இரத்தமில்லாமையால்.

காலை இறைவணக்கத்தின்போது நன்றாக நிற்கும் பிள்ளை பத்தரை மணிக்குப் பலகையைப் பார்க்காமல் கை மீது தலையைச் சாய்த்துக்கொள்கிறது. கண்ணிமையின் உட்புறத்தை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். நகம் வெளுத்திருக்கும். சிலேட்டுக் குச்சியையும் சாம்பலையும் தின்னும் பழக்கம் சில பிள்ளைகளிடம் காணப்படும். இரும்புச் சத்துக் குறைந்த உடலின் அடையாளங்கள் இவை. ஆனால் வகுப்பறையில் இதற்கு வழங்கும் பெயர் வேறு. ‘மந்தம்’ என்பார்கள். சற்று மனத்தில் விஷமுள்ளவர்களாயின், “இந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது” என்பார்கள். மருந்தாலும் உணவாலும் தீரக்கூடிய ஒரு குறையைப் பிறப்பின் மீது ஏற்றிச் சொல்லும் இந்தப் பழி நம் சமுதாயத்தின் மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டு வந்திருக்கிறது. அதனைத் துடைக்கும் பணியில் ஒரு பங்கு அடுப்படியிலும் இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

பிறந்த குழந்தையின் மூளை இரண்டாண்டுக்குள், வளர்ந்தவர் மூளையின் அளவில் நான்கில் மூன்று பங்கிற்கு மேல் வளர்ந்துவிடுகிறது. உடலின் எடை ஐந்து மாதத்தில் இருமடங்கும் ஓராண்டில் மும்மடங்கும் ஆக வேண்டும். இரண்டு வயதில் ஏறத்தாழ 12 கிலோவும், ஐந்து வயதில் 18 கிலோவும் 110 செண்டிமீட்டர் உயரமும் நல்ல வளர்ச்சிக்கு அளவு. இந்த ஆண்டுகளில் குறைந்துபோன வளர்ச்சியைப் பத்து வயதில் பாலும் பழமும் ஊட்டி முழுவதும் மீட்டுவிட முடியாது. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கண்ட கணக்கைக் கேளுங்கள். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதிற்கேற்ற உயரமில்லாதவர்கள். 22 பேர் எடை குறைந்தவர்கள். ஆறு மாதத்திற்கு மேற்பட்டவர்களில் 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். நாடு முழுவதையும் நோக்க நம் மாநிலம் மேலான நிலையில் இருப்பது உண்மையே. ஆனால் நூற்றில் ஐம்பத்தேழு என்பது மேலான நிலையா? நம் தெருக்களில் இக்குறை கண்ணுக்குப் புலப்படாமைக்கு ஒரு காரணம் உண்டு. தெருவிலுள்ள பிள்ளைகள் அனைவரும் ஒரே உயரத்தில் இருந்தால் எவர் குட்டை என்று எவருக்குத் தெரியும்?

நிற்க. பள்ளியில் சோறு போடும் வழக்கம் இந்நாட்டில் எங்ஙனம் வந்தது என்பதை இளைஞர்கள் அறிந்திருப்பது நலம். 1920ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளையொருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வாராமையே காரணம். 1956இல் பெருந்தலைவர் காமராசர் அதனை மாநிலமெங்கும் பரப்பினார். எனினும் அவை பள்ளிப் பிள்ளைகளுக்கான திட்டங்கள். பள்ளிக்கு முந்திய குழந்தையின் பசியை அரசு கணக்கில் எடுத்துக்கொள்ள நெடுநாளாயிற்று. 1975ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இந்தியாவில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. 1982 ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தைக்கும் தட்டு வைத்தது. அந்நாளில் பொருளாதாரம் அறிந்தோர் சிலர் அதனை வீண் செலவு என்றனர். பிள்ளையை இடுப்பில் சுமந்து களையெடுக்கப் போன தாய்மார்கள் அவ்வாறு கூறவில்லை. 1989இல் முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்திற்கு ஒரு முட்டை என்று தொடங்கியது படிப்படியாக உயர்ந்து, இன்று பால்வாடிக் குழந்தைக்கு வாரத்தில் மூன்று முட்டை என்ற அளவிற்கு வந்துள்ளது.

இவற்றையெல்லாம் ஆள்வோரின் கருணை என்றே நம் மக்களுள் பலர் கருதிக்கொண்டிருக்கின்றனர். அது தவறு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக விலையின்றி உணவு பெறும் உரிமை உண்டு. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி வெப்ப ஆற்றலும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் தருதல் வேண்டும் என்று அச்சட்டம் 2013இல் வகுத்தது. இதைவிட முக்கியமான ஒன்று உள்ளது. ஆறு வயதிற்குட்பட்ட நாற்பது குழந்தைகளாவது இருக்கும் குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையாயின், மக்கள் கேட்ட மூன்று மாதத்திற்குள் அமைத்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13ஆம் நாள் ஆணையிட்டது. புதிய மையங்கள் அமைப்பதில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே ஆணை கூறுகிறது. ஊரின் நடுவில் மையம் இருக்கிறது, நம் காலனியிலிருந்து ஒரு கல் தொலைவு, நடுவே நெடுஞ்சாலை, ஆகவே குழந்தையை அனுப்புவதில்லை என்று கூறும் பெற்றோரிடம் இளைஞர்கள் இந்த ஆணையைப் படித்துக்காட்ட வேண்டும்.

இனி, அகப்பையைப் பிடிக்கும் கையைப் பற்றிச் சில சொற்கள். மற்றோர் ஊரில் உணவுப் பழக்கம் பற்றிப் பேசினால் இதனை விட்டுவிடலாம். கொங்கு நாட்டில் விட்டுவிட முடியாது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த மண் இது. பண்ணையத்து வீட்டின் பின்புறம் நின்று, கை நனையாமல் மேலிருந்து ஊற்றிய கூழை வாங்கிக் குடித்த பாட்டன்மாரின் பேரர்கள் நாம். நம் குழந்தைகள் பிற குழந்தைகளோடு ஒரே வரிசையில் ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்பது என்பது புரதக் கணக்கில் வாராத ஒரு சத்து. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத்தில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது தாகத்திற்காக மட்டும் அன்று என்பதை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சமையலர், உதவியாளர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பள்ளி மதிய உணவைப் பற்றி 2004 ஏப்ரல் 20இல் ஆணையிட்டது. அந்த ஆணைக்குப் பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 2018 ஜூலையில், அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அருந்ததியர் குலத்து அம்மையார் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் சிலர் தடுத்தனர். அந்த அம்மையாரையே வேறிடத்திற்கு மாற்றி முதலில் ஆணை பிறந்தது. போராட்டம் எழுந்த பின்னரே அவ்வாணை நீக்கப்பட்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிவாயிற்று. ஏழாண்டுக்குப் பிறகு, 2025 நவம்பரில், திருப்பூர் நீதிமன்றம் அறுவருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஒரு பெண் சோறு சமைக்கும் உரிமைக்கு ஏழாண்டு! 2023இல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்திலும் இதே சிக்கல் தோன்றியது. மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று, அந்தச் சமையலர் ஆக்கிய உணவைக் குழந்தைகளோடு அமர்ந்து உண்டார். அவ்வாறு உண்ணும் ஆட்சியர் எல்லா ஊர்க்கும் கிடைப்பாரா என்பது வேறு. சாதியறியாத வயது என்று ஒன்று உண்டாயின் அது பால்வாடி வயது. அங்கே தட்டு வேறு, இடம் வேறு என்று எவரேனும் செய்வதாகக் கேள்விப்பட்டால், அதனைச் சிறிய செய்தியென்று விட்டுவிடாதீர்கள். நாள், நேரம், கண்டவர் பெயர் இவற்றோடு எழுத்தில் எழுதி மாவட்டத் திட்ட அலுவலர்க்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். வாய்ச்சண்டை மறுநாள் மறந்துபோகும். மனுவுக்கு எண் விழும்.

ஆனால் உரிமையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நம் வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையன்று. மையத்தில் கிடைக்கும் உணவு, குழந்தையின் தேவையில் பாதிக்கும் குறைவு. மூன்று வயது வரை நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்குக் குறையாமலும் அதன்பின் ஆறு வயது வரை 1300க்கு மேலும் வேண்டும். மீதியை வீடு தர வேண்டும். வீடு என்ன தருகிறது?

தூய்மைப் பணிக்குச் செல்லும் தாய் விடியுமுன் புறப்படுகிறாள். பஞ்சாலையில் காலை ஷிப்டுக்குப் போகும் தாயும் அவ்வாறே. அடுப்பு மூட்ட நேரமில்லை. குழந்தையின் கையில் பத்து ரூபாய் வைக்கப்படுகிறது. பாட்டி தேநீர்க் கடையில் ஒரு தேநீரும் ஒரு வர்க்கியும் வாங்கித் தருகிறாள். குழந்தை நனைத்துத் தின்கிறது. மீதிப் பணத்திற்கு வண்ணத்தாள் பொட்டலத்தில் அடைத்த உப்புக் காரத் தீனி. பதினொரு மணிக்குப் பால்வாடியில் சோறு வரும்போது அக்குழந்தைக்குப் பசியில்லை. “உங்கள் பிள்ளை சாப்பிடுவதில்லை” என்று பணியாளர் கூறுகிறார். “அங்கே சோறு நன்றாக இல்லை” என்று தாய் கூறுகிறாள். இருவரும் பொய் சொல்லவில்லை. நடுவில் அந்தப் பொட்டலம் இருக்கிறது. தாயைக் குறைகூறுவது என் நோக்கமன்று. எட்டு மணி நேரம் நின்று உழைப்பவள் அவள். பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. எத்தனை ஆலைகளில் அந்த அறை குழந்தைகளுக்குப் பயன்பட்டது, எத்தனை ஆலைகளில் சரக்கு அடுக்கப் பயன்பட்டது என்பதை ஆலையில் பணியாற்றிய மூத்தோர் எனக்குக் கூற வேண்டும்.

தேநீரைப் பற்றி ஒன்று கூறிவிடுகிறேன். தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவொட்டாமல் தடுக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம். அதற்கு மாறாக, எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற புளிப்பும் துவர்ப்பும் உள்ள கனிகள் இரும்புச் சத்தை உடலில் சேர்க்க உதவும். கீரைச் சோற்றில் நாலு துளி எலுமிச்சைச் சாறு பிழிவது வெறும் சுவைக்காக அன்று.

நம் பகுதிக்கென்றே அமைந்த ஓர் உணவு உண்டு, அரிசிம்பருப்புச் சோறு. விருந்தினர் வந்தாலும் அவசரத்திற்கு அதுவே, மழை நாளிலும் அதுவே. சத்துணவு நூலோர் வகுத்துத் தந்தாற்போல அமைந்தது அது. அரிசியின் புரதத்தில் குறைவாயுள்ள கூறு துவரம்பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாயுள்ளது அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது அப்புரதம் முழுமை பெறுகிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. குழந்தைக்காயின் குழைய வேகவைத்து, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டு, ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையை அதிலேயே போட்டுவிடலாம். தனியே பொரியல் செய்ய நேரமில்லாத வீட்டிற்கு இதனினும் எளிய வழி எனக்குத் தெரியவில்லை. நம் வீடுகளில் ரேஷன் துவரம்பருப்பு முழுவதும் நீர்த்த குழம்பாகி, பருப்பு பெரியவர் தட்டிலும் நீர் குழந்தை தட்டிலும் விழுவதைக் கண்டிருக்கிறேன். குழந்தைக்கு அடியிலிருந்து எடுத்து ஊற்றுங்கள்.

அடுத்தது கேழ்வரகு. நூறு கிராம் அரிசியில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 10 மில்லிகிராம்; நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல். நம் பாட்டன்மார் களியும் கம்பங்கூழும் உண்டதை வறுமையின் அடையாளமென்று நாம் நாணினோம். வெள்ளையரிசிச் சோறு மதிப்பின் அடையாளமாயிற்று. அந்த மனநிலையை நான் எள்ளி நகையாடேன். கூழை இழிவோடு ஊற்றினார்கள், ஆதலால் கூழே இழிவாயிற்று. இன்று நகரத்துப் பெருங்கடைகளில் அதே கம்பும் கேழ்வரகும் உயர்ந்த விலைக்கு விற்கின்றன. நம் குழந்தைகளுக்கு நாம் அதனைத் திரும்பக் கொடுப்பதில் நாணத்திற்கு இடமில்லை.

முளைகட்டிய கேழ்வரகு மாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இதன் நுட்பம் பலருக்குத் தெரியாது. கைக்குழந்தையின் வயிறு அதன் உள்ளங்கையில் குவித்த முட்டி அளவே இருக்கும். சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சினால், மாவு மிகுந்தால் கெட்டியாகிக் குழந்தை விழுங்காது. நீர் மிகுந்தால் வயிறு நிறையும், சத்து நிறையாது. தாய்மார்கள் பெரும்பாலும் நீரை மிகுத்துவிடுகின்றனர். “வயிறு நிறையக் குடித்தான், ஆனால் தேறவில்லை” என்பதன் காரணம் இதுவே. தானியம் முளைவிடும்போது அதில் ஒரு நொதிப்பொருள் தோன்றி, மாவுச் சத்தைக் கெட்டிப்படாமல் உடைத்துவிடுகிறது. ஆகவே முளைகட்டிய மாவைக் கூடுதலாகப் போட்டாலும் கஞ்சி நெகிழ்ந்தே இருக்கும். அதே கிண்ணத்தில் ஏறக்குறைய இருமடங்கு மாவை உள்ளே செலுத்தலாம். கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் தொங்கவிட்டால் முளைக்கும். நிழலில் உலர்த்திப் பின் வெயிலில் காயவைத்து, இளவறுப்பாக வறுத்து, முளையைத் தேய்த்து நீக்கி அரைத்துக்கொள்ளலாம். அரசு மையத்தில் மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்காக வீட்டிற்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு உண்டு. கோதுமை, மக்காச்சோளம், கடலைப்பருப்பு, வெல்லம் இவற்றோடு கலந்தது அது. அந்தப் பையை வாங்கிவந்து மாட்டுத் தண்ணீரில் கலக்கிவிடும் வீடுகள் உள்ளன என்பதை நீங்களும் அறிவீர்கள். எருமைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

நிலக்கடலை நம் புன்செய்க் காட்டில் விளைவது. நூறு கிராமில் 25 கிராம் புரதம். ஆனால் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தையின் கையில் முழுக் கடலையைக் கொடுத்தல் கூடாது; மூச்சுக்குழலில் சென்றடைத்தால் உயிருக்கே இடர். வறுத்துப் பொடித்து வெல்லத்தோடு உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கள். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொள்ளு ஆகியவற்றைக் கடைந்து கொடுக்கலாம். தோட்ட வரப்பில் விளையும் கீரைகளை, பண்ணைக் கீரை, தொய்யக் கீரை, குமுட்டிக் கீரை என்று நம் அம்மைகள் பெயர் சொல்லிப் பறிப்பார்கள். இன்றைய இளம் தாய்மார்க்கு அப்பெயர்கள் தெரியுமோ தெரியாதோ. தெரிந்த மூதாட்டி இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இறைச்சியைப் பற்றிப் பேசுவதற்குச் சிலர் தயங்குவர். பொதுமேடைகளில் காய்கறி உணவையே உயர்ந்ததென்று கூறிச் செல்வது வழக்கமாகிவிட்டது. இரத்தச் சோகைக்கு இறைச்சியிலுள்ள இரும்பைப் போல எளிதில் உடலில் சேர்வது வேறில்லை என்பது மருத்துவ நூல் கூறுவது. ஈரலும் சுவரொட்டியும் நம் வீடுகளில் சோகைப் பிள்ளைக்கு ஊட்டப்பட்டவையே. மாட்டிறைச்சியும் அத்தகையதே, விலையும் குறைவு. எவரோ இழித்துரைத்தார்கள் என்பதற்காக நம் குழந்தையின் தட்டிலிருந்து அதனை எடுத்துவிட வேண்டியதில்லை. நன்கு வேகவைத்து, நார்நாராகப் பிரித்து, வாரம் ஒருமுறை இருமுறை சிறிதளவு கொடுத்தாலே போதும். பெரியவர்களுக்குத் தட்டு நிறைய இருந்து குழந்தைக்குக் குழம்பு மட்டும் வருவதே நான் குறை கூறுவது.

உண்ணும் முறைக்கு வருவோம். குழந்தைக்கு மூன்று வேளை போதாது. ஐந்து ஆறு வேளை சிறிது சிறிதாக வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே முழு உணவு, தண்ணீரும் வேண்டா. ஆறு மாதம் முடிந்ததும் தாமதமின்றிக் குழைந்த உணவு தொடங்க வேண்டும். பல் முளைக்கட்டும், நடக்கட்டும் என்று காத்திருக்கும் மாதங்களே எடை நின்றுபோகும் மாதங்கள். புதிய உணவை ஒருமுறை துப்பிவிட்டால், ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று தீர்ப்புக் கூறிவிடாதீர்கள். பத்து முறை கூடக் காட்ட வேண்டியிருக்கும். அடித்து ஊட்டுவதும் கைப்பேசியைக் காட்டி ஊட்டுவதும் ஒன்றே. இரண்டிலும் குழந்தை உணவை அறியாமல் விழுங்குகிறது. இரண்டு வயதிற்கு மேல் தன் கையாலேயே சிந்திச் சிதறி உண்ணட்டும். கீழே சிந்தினால் கூட்டிக்கொள்ளலாம். முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும், ஊட்டுபவர் கையும் சேர்த்து. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் இல்லாத மையத்தில் முட்டை கொடுத்தும் பயன் குறைவு. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு வாரத்துச் சத்து இரண்டு நாளில் வெளியேறிவிடும். ஆகவே மையத்தைப் பார்வையிடச் செல்லும் இளைஞர்கள் உணவைச் சுவைப்பதோடு தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் திறந்து பாருங்கள்.

இங்கே ஓர் இடைவெளியை உங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவுபடுத்தப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்டது. அதன் பயனை நாள்தோறும் கண்டவன் என்ற முறையில் கூறுகிறேன். முன்னர்க் குறிப்பிட்ட பத்தரை மணித் தலைசாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அண்ணன் பள்ளியில் பொங்கலோ கிச்சடியோ உண்ணும்போது, காலை உணவு மிகவும் தேவைப்படும் மூன்று வயதுத் தம்பி வாயிற்படியில் வர்க்கியோடு நிற்கிறான். அரசு இதனை ஒருநாள் செய்யலாம். செய்யுமாறு நாம் கேட்கவும் வேண்டும். அதுவரை அவன் வளராமல் காத்திருக்க மாட்டான்.

ஆதலால் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நிதியில் மீதமிருக்கும் தொகையில் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று ஒரு கருத்து இருப்பதாக அறிகிறேன். வளைவு அழகாகத்தான் இருக்கும். அத்தொகையைக் கொண்டு, தாய்மார்கள் விடியுமுன் வேலைக்குச் செல்லும் தெருக்களில், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் காலை ஏழரை மணிக்கு ஒரு கிண்ணம் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி ஓராண்டு கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறேன். மாவு அரைக்கவும் காய்ச்சவும் வீட்டிலிருக்கும் மூதாட்டிகள் முன்வருவர். கூலி கொடுத்தே கேட்போம். கஞ்சிக்கு வரும் குழந்தை எந்தத் தெருவினதாயினும் திருப்பி அனுப்பாமல் ஒரே வரிசையில் அமர்த்த வேண்டும். நமக்குச் செய்யப்பட்டதை நாம் எவருக்கும் செய்யலாகாது. நமக்குள்ளேயே இன்னின்னார் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்போரும் அந்த வரிசையில் தம் பிள்ளையை அமர்த்தட்டும்.

இளைஞர்கள் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. பட்டம் தேவையில்லை, ஒரு நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளக்க வேண்டும். 12.5 செண்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனம் தேவை, 11.5க்குக் குறைந்தால் மிகக் கடுமையான சத்துக்குறைவு. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அத்தகைய குழந்தைக்கு மையத்தில் கூடுதல் கலோரி தர வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு தெருவுக்கும் இருவர் பொறுப்பேற்று, அடுத்த மாத முதல் ஞாயிறன்று தொடங்கி மூன்று மாதத்திற்கு ஒருமுறை அளந்து, பெயரும் அளவும் ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். நாடாவும் நோட்டும் நான் கொண்டுவந்திருக்கிறேன். மேடையின் இடப்புறம் மேசை மீது உள்ளன. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்து எடுத்துச் செல்லலாம். அளக்கும் முறையைக் காட்டித் தர நம் அங்கன்வாடிப் பணியாளர் சகோதரியார் மாலை ஐந்து மணி வரை இங்கே இருக்க இசைந்துள்ளார்.